துணி காயும் இடம்

முதலில் போனது பப்பாளி. மரத்திலேயே பழுத்து மஞ்சள் கோடு விழுந்திருந்த பழத்தை ஏதோ ஒன்று பாதி தின்றுவிட்டு, விதைகளை மதில் நெடுகச் சிந்தியிருந்தது. அடுத்த வாரம் வாழைத்தாரில் ஒரு சீப்பு காணவில்லை. கமாலுதீன் தாருக்குச் சாக்கு கட்டினார். மறுநாள் சாக்கு கிழிந்து கிடந்தது.

ஆயர் ஈத்தாமில், மலைக்கு முதுகைக் காட்டி நிற்கும் அந்த வரிசை வீடுகளுக்கு இதெல்லாம் புதிதில்லை. குரங்கு வரும், உடும்பு வரும், மழைக்காலத்தில் மலைப்பாம்புகூட வந்ததுண்டு. ஆனால் கமாலுதீனுக்கு, வந்தது எது என்று தெரிந்தாக வேண்டும். இருபத்தாறு வருடம் பாலம் தாண்டி புக்கிட் தெங்காவுக்குப் போய், தொழிற்சாலையில் மின்னணுக் கருவிகளுக்கான பச்சைப் பலகைகளை லென்ஸுக்கு அடியில் வைத்து, பழுது உண்டா என்று பார்த்து ஒதுக்கிய மனிதர். ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. வலது முட்டியில் வலி. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே பகல் முழுக்க வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

மூசாங்தான், மரநாய், வேறென்ன, என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

"படம் இருக்கா?" என்று கேட்டார் கமாலுதீன்.

அவர் மகள் அஃப்ரீனுக்கு இருபத்தேழு வயது. கோலாலம்பூர் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் வேலையை வீட்டு மாடியில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்கப்பூருக்குப் போய்விட்ட அண்ணன் சாஹித்தின் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, மாடிப்படிக்கு அடியில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தாள். கேமராவை அடுக்களைப் பின்சுவரின் மூலையில் உயரத்தில் பொருத்த வேண்டும். கமாலுதீன் ஏணியில் ஏறினார், முட்டி விடவில்லை, இறங்கினார், அவளே ஏறினாள். ஒயரின் இணைப்பில் மழை படாமல் இருக்க ஒரு மார்ஜரின் டப்பாவை வெட்டிக் கவிழ்த்து, சுற்றிலும் சிலிக்கான் பூசினாள்.

கீழே ஆசியா பீவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பொம்பளைங்க துணி காயப்போடுற இடம்டி இது. எவனோ எந்த ஊர்லயோ உக்காந்து பாக்குறதுக்கா?"

"வெளிய போகாதும்மா. கடையில விக்கிற கேமராதான் கம்பெனிக்காரன்கிட்ட அனுப்பும். இது நம்ம வீட்டு கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளயே இருக்கும். பெட்டி என்கிட்ட இருக்கும்."

"அதான் பயமா இருக்கு" என்றாள் ஆசியா பீவி. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கமாலுதீன் சிரித்தார்.

சிரிக்காமல் நின்றவள் காமாரியா. ஆசியா பீவியின் தங்கை. நிபோங் திபாலில் டயர் கடை வைத்திருக்கும் ஹைதருக்கு வாழ்க்கைப்பட்டு பத்தொன்பது வருடம். பிள்ளை இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பையோடு வந்து இறங்கினாள். கொஞ்ச நாள் இங்கே இருக்கிறேன் என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. அடிக்கிறானா என்று அக்கா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதும், அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள்.

அக்காள் புருஷன் இருக்கும் வீட்டில் அவள் முக்காடு இல்லாமல் நடமாட முடியாது. கமாலுதீன் நல்லவரோ கெட்டவரோ, அது பேச்சில்லை. அவர் முறைக்கு அந்நியர். அவரோ இப்போது நாள் முழுக்க வீட்டில் இருந்தார். ஆகவே பொழுது விடிந்ததிலிருந்து படுக்கும் வரைக்கும் காமாரியா தலையை மூடி, மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த சட்டையைப் பொத்தான் போட்டு, அந்தப் புழுக்கத்தில் அடுப்படியில் நின்றாள்.

அடுக்களைக்குப் பின்னால் இரண்டு பக்கம் ஆளுயரத் தகரம் அடைத்த சின்ன இடம் ஒன்று இருந்தது. அங்கே துணி துவைக்கும் இயந்திரம், ஒரு குழாய், நாலு கொடிக்கயிறு. பெண்கள் அங்கே இருக்கும்போது கமாலுதீன் அந்தப் பக்கம் போக மாட்டார். காமாரியா தினமும் காலை ஏழு மணிக்கு அங்கே போவாள். ஒரு மணி நேரமாவது வெளியே வர மாட்டாள். இயந்திரம் இருக்கும்போதே பாதித் துணியைக் கையால் துவைப்பாள். கரண்டு மிச்சம் என்பாள். முக்காட்டை ஆணியில் மாட்டிவிட்டுக் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு காற்றுப் பட நிற்கத்தான் அவள் அங்கே போகிறாள் என்று ஆசியா பீவிக்குத் தெரியும். அந்த நேரத்தில் அக்காவும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டாள்.

கேமராவின் பார்வையில் அந்த இடம் இடது ஓரத்தில் விழுந்தது. கேமராவை எப்படித் திருப்பினாலும் பப்பாளி தெரிந்தால் கொடியும் தெரிந்தது. அஃப்ரீன் போன் திரையில் அந்த மூலையை விரலால் வளைத்து, கறுப்புக் கட்டம் ஒன்று போட்டாள். கொண்டுபோய்ச் சாச்சி காமாரியாவிடம் காட்டினாள்.

காமாரியா அதை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"நான் அங்க நின்னா?"

"தெரியாது சாச்சி."

"நிஜமாவா?"

"சத்தியமா."

மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது மூசாங் கேமராவில் விழுந்திருந்தது. வாழைத்தண்டில் தலைகீழாகத் தொங்கியபடி, கண் இரண்டும் வெள்ளைப் பொட்டாக எரிய, பழத்தை முன்னங்கையால் பிடித்துத் தின்றது. கமாலுதீன் அதைத் தொலைக்காட்சியில் போடச் சொல்லி ஐந்து தடவை பார்த்தார். அன்றிலிருந்து காலையில் ரொட்டி சானாயும் தேத்தண்ணியும் அவருக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால்தான். அசைவு தெரிந்த இடங்களை மட்டும் பெட்டி தனித்தனித் துண்டாக எடுத்து வைத்திருக்கும். மூசாங், பூனை, எலி, ஒருநாள் முள்ளம்பன்றி. பள்ளிவாசலில், தேக்கடையில், மருந்துக்கடையில், எங்கே போனாலும் அவர் அதைப் பற்றியே பேசினார். பழம் போகிறதே என்ற கோபம் அவருக்கு எப்போதோ போய்விட்டது.

அதே நாட்களில்தான் ஹைதர் அவருக்குப் போன் செய்துகொண்டிருந்தான். குரலை உயர்த்தாமல் பேசுகிற ஆள். ஊர்ப் பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவன். வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றான். என்ன குறை என்று அவளே சொல்லட்டும், திருத்திக்கொள்கிறேன் என்றான். அப்படிப் பேசுகிறவனிடம் கமாலுதீன் என்ன சொல்வார்? மனைவியிடம் வந்து சொன்னார். கேட்டாயிற்று, குடி இல்லை, அடி இல்லை, வேறு தொடர்பு இல்லை. அவளும் வாயைத் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லொஹர் தொழுதுவிட்டு ஹைதர் வருகிறான், அழைத்துக்கொண்டு போகட்டும். ஆசியா பீவி தங்கையிடம் அதைச் சொன்னபோது காமாரியா, சரிக்கா, என்றாள்.

புதன்கிழமை கமாலுதீன் தகரத்தின் மேல் சேற்றுக் கால்தடம் பார்த்தார். மூசாங் துணிக்கொடி வழியாகத்தான் இறங்குகிறது என்று தோன்றியது.

"அந்தக் கறுப்பு இடத்துல வருதாப் பாரு."

"அங்க எதுவுமே பதிவாகாது அத்தா."

சொல்லிவிட்டு மாடிக்குப் போனவள், சும்மா உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் பெட்டிக்குள் போய்ப் பார்த்தாள். துண்டுகளுக்கு அடியில், பெட்டி முழுநாளையும் விடாமல் பதிந்து சேர்த்து வைத்திருந்தது. அதில் கறுப்புக் கட்டம் இல்லை. அந்த மூலையில் ஏதாவது அசைந்தால் கண்டுகொள்ளாதே, துண்டாக எடுக்காதே என்பதுதான் அந்தக் கட்டத்துக்கு அர்த்தம். மறைத்துவிடு என்பது வேறு இடத்தில் செய்ய வேண்டிய வேறு வேலை. அவள் அதைச் செய்யவில்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தாள். இந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவள் அவள்.

பதினோரு நாள் இருந்தது. அழிக்கத்தான் போனாள். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஓர் இடத்தைத் தொட்டாள்.

காலை ஏழு பத்து. சாச்சி முடியை அவிழ்த்து விட்டிருந்தாள். நரை இவ்வளவு இருக்கும் என்று அஃப்ரீன் நினைத்ததில்லை. ஒரு படுக்கை விரிப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கி முறுக்கினாள், உதறினாள், கொடியில் எறிந்து இரண்டு முனையையும் இழுத்துவிட்டாள். பிறகு கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, எதையும் பிடிக்காமல், மலையைப் பார்த்தபடி நின்றாள். அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

இடது கையின் உட்பக்கம், முழங்கைக்குக் கீழே, கூம்பான தழும்புகள் இருந்தன. ஒன்று பழையது, வெளுத்துப்போயிருந்தது. ஒன்று இன்னும் கறுத்துச் சுருங்கியிருந்தது. நாலு. அஃப்ரீன் படத்தைப் பெரிதாக்கினாள், பிறகு சின்னதாக்கினாள். எழுந்து அறை மூலைக்குப் போய், துணி தேய்க்கும் பலகை மேல் நிறுத்தியிருந்த இஸ்திரிப் பெட்டியின் முனையைப் பார்த்தாள்.

அன்றைக்கு அவளால் வேலை பார்க்க முடியவில்லை. கேமரா ஒயரைக் கழற்றிவிட்டு, கோளாறு என்று அத்தாவிடம் சொன்னாள். அவர் மணிக்கு ஒரு தரம் வந்து, சரியாகிவிட்டதா, முழுசையும் ஒருதரம் ஓட்டிப் பார்க்கலாமே என்று கேட்டார். மத்தியானம் மழை பெய்து நின்றது. தகரத்திலிருந்து ஆவி எழுந்தது. கீழே சாச்சி அம்மாவுக்கு மீன் அரிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கைப்பொத்தான் போட்டிருந்தது. மீன் தண்ணீர் பட்டு மணிக்கட்டுத் துணி நனைந்திருந்தது. அஃப்ரீன் பார்த்துவிட்டுத் திரும்பி மேலே போனாள். மறுபடி இறங்கினாள். மறுபடி ஏறினாள்.

இரவில் எல்லாவற்றிலிருந்தும் ஒரே ஒரு படத்தைத் தன் போனுக்கு எடுத்து வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்குப் பின்கட்டுக்குப் போனாள். காமாரியா தலையணை உறைகளை அலசிக்கொண்டிருந்தாள். அஃப்ரீனைப் பார்த்தும் முக்காட்டைத் தேடவில்லை. கையை மட்டும் தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள்.

"சாச்சி, நான் அன்னைக்கிச் சொன்னது தப்பு. தெரியாமச் சொல்லிட்டேன். கேமரா எல்லாத்தையும் எடுத்திருக்கு."

காமாரியா உறையைப் பிழிந்தாள். இன்னொன்றை எடுத்தாள். குழாயிலிருந்து வாளிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அது நிரம்பி வழிந்தது.

"எத்தன நாளு?"

"பதினொன்னு."

"மச்சான் பாத்தாரா?"

"இல்ல. நான் மட்டுந்தான்."

"அழிச்சிடு."

"அம்மாகிட்டச் சொல்லுங்க சாச்சி. ஞாயித்துக்கிழம போவாதீங்க."

காமாரியா குழாயை மூடினாள். "அக்காகிட்டச் சொன்னா அக்கா மச்சான்கிட்டச் சொல்லணும். மச்சான் எங்க வீட்டுக்காரங்களக் கேப்பாரு. இஸ்திரி போடுறப்ப கை தவறிப் பட்டுருச்சும்பாங்க. எங்க பெரியண்ணன் வந்து கேட்டப்ப அப்படித்தான் சொன்னாங்க. பெரியண்ணன் பர்மசியில மருந்து வாங்கிக் குடுத்துட்டு, பாத்து வேல செய்யும்மான்னுட்டுப் போனாரு."

"நாலு தடவையுமா கை தவறும்?"

காமாரியா நிமிர்ந்து பார்த்தாள்.

"எண்ணிட்டியா?"



பத்து மணிக்குக் கமாலுதீன் மருத்துவமனைக்கு முட்டியைக் காட்டப் போயிருந்த நேரத்தில், இரண்டு பேரும் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு நாளாக அழிந்தது. சாச்சி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றாள் அஃப்ரீன்.

அந்த ஒற்றைப் படம் போனில் இருந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் போனை எங்கேயும் கீழே வைக்கவில்லை. குளிக்கப் போனால்கூடக் கூட எடுத்துப் போனாள். அத்தாவிடம் காட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். படத்தைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர் அவர். ஆனால் அவர் பார்க்கவே கூடாத கை அது. திறந்த முடியும் அதே படத்தில் இருந்தது. கையை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தாள். வெட்டியதைப் பார்த்தபோது இன்னும் மோசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. ஆசியா பீவி டால்சாவுக்குப் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பின்பக்கம் போனாள். காமாரியாவின் பை காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. அவளுடைய பாஜூச் சட்டை, பாவாடை, முக்காடு, தொழுகை உடுப்பு, ஒன்று விடாமல் நாலு கொடியிலும் சொட்டிக்கொண்டிருந்தன.

"என்னடி இது, போற நாளுல?"

"அங்க தண்ணி மஞ்சளா வருதுக்கா" என்றாள் காமாரியா.

மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. வெயில் வரவே இல்லை. கமாலுதீன் இரண்டு தரம் வானத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பொம்பளைகளுக்கு நாள் கிழமை தெரியாதா என்று முனகினார்.  ஆசியா பீவி கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே, கொடியையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். எதையோ கூட்டிப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டவள்போல இருந்தாள்.

இரண்டு மணிக்கு ஹைதர் காரில் வந்தான். ஐஸ் பெட்டி நிறைய இறால் கொண்டுவந்திருந்தான். காலையில்தான் படகில் இறங்கியது, அக்காவுக்கு என்றான். செருப்பை ஒழுங்காக ஓரம் வைத்தான். டால்சாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பாலத்தில் நெரிசல், டயர் விலை, செம்பனைத் தோட்டத்தில் ஆள் கிடைக்காத கதை எல்லாம் பேசினான். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பிடிக்காமல் போக அவனிடம் ஒன்றுமே இல்லை.

துணி இன்னும் காயவில்லை என்று ஆசியா பீவி வந்து சொன்னாள்.

"அதுக்கென்னக்கா. பிளாஸ்டிக் பையில போட்டுக் கெரேத்தாவுல வச்சிக்கலாம்லா. வீட்டுல போய்க் காயட்டும்." அவன் சிரித்தான். கமாலுதீனும் சிரித்தார். பை எடுத்து வரச் சொன்னார்.

அஃப்ரீன் கூடத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.  அத்தாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். போனைத் திறந்தாள்.

"அத்தா, ஒரு படம் காட்டணும்."

"கிடைச்சிருச்சா? எந்தப் பக்கமா இறங்குது?" கமாலுதீன் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். "ஹைதர், பாருங்க தம்பி. எங்க தோட்டத்து மூசாங்கு."

ஹைதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்க்கக் குனிந்தான்.

"அஃப்ரீன்."

அடுக்களை வாசலில் காமாரியா நின்றாள். கையில் ஈரத்துணியும் பிளாஸ்டிக் பையும் இருந்தன. மூன்று தலைகள் அந்தப் போனை நோக்கிக் குனிந்திருப்பதை அவள் பார்த்த விதத்திலேயே, அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அஃப்ரீனுக்குத் தெரிந்தது.

"அதை மூடு. நீ காட்ட வேணாம். காட்டணும்னா நான் காட்டிக்கிறேன்." பையைக் கீழே போட்டாள். "அக்கா, உள்ள வாங்க."

அடுக்களைக் கதவு சாத்திக்கொண்டது.

கூடத்தில் மூன்று பேர். அஃப்ரீன் போனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என்னவாம் என்று கமாலுதீன் கண்ணால் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். ஹைதர் இறாலைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். ஐஸ் உருகுகிறது, குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள் என்றான். யாரும் எழுந்திருக்கவில்லை. அவன் பேச்சு நின்றது. மின்விசிறி சுற்றியது. உள்ளே ஒரு குரலும் கேட்கவில்லை. அழுகை கேட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கதவு திறந்தது. ஆசியா பீவி மட்டும் வந்தாள்.

"தம்பி, நீங்க கிளம்புங்க."

"என்ன ஆசியா?" என்றார் கமாலுதீன்.

"அவ வரமாட்டா."

"காரணம் ஒண்ணு வேணாமா? மனுசன் அவ்வளவு தூரத்திலேருந்து வந்திருக்காரு."

"நான் பாத்துட்டேன். உங்களுக்குக் காட்ட முடியாது." அவள் அடுக்களைக் கதவைப் பின்கையால் சாத்தினாள்.  "நான் சொல்றது போதாதுன்னா நீங்களும் கூடக் கிளம்புங்க."

கமாலுதீன் முப்பத்தோரு வருடமாகக் கூட வாழ்ந்தவளைப் பார்த்தார். பிறகு ஹைதரைப் பார்த்தார். எதைப் பார்த்தீர்கள் என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஹைதர் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த கார்ச் சாவியை எடுத்து, விரலில் ஒருதரம் சுழற்றிக் கையை மூடிக்கொண்டான். கமாலுதீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். லென்ஸுக்கு அடியில் வைத்த பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல அவசரமில்லாமல் பார்த்தார்.

"ஊர்ல கேட்டா நான் என்னண்ணே சொல்றது?" என்றான் ஹைதர். அப்போதும் குரல் உயரவில்லை.

"துணி காயலன்னு சொல்லுங்க" என்றார் கமாலுதீன். "இறாலையும் எடுத்துட்டுப் போயிருங்க."

கார் போன பிறகும் அவர் வாசலிலேயே நின்றார்.  சாயங்காலம் ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு போய், முட்டியைப் பொருட்படுத்தாமல் ஏறி, கேமராவைக் கழற்றினார். மார்ஜரின் டப்பா சிலிக்கானோடு பிய்ந்து வந்தது. எல்லாவற்றையும் மகள் கையில் கொடுத்துவிட்டுத் தொழப் போனார். என்ன இருந்தது அந்தப் போனில் என்று அவர் கேட்கவே இல்லை. அஃப்ரீன் அந்தப் படத்தை அழித்தாள். அழித்தது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியவள் இனி நம்பப்போவதுமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

காமாரியா அன்று இரவு சாப்பிட்டாள். அக்காவின் கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள். அஃப்ரீனிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. டால்சா மிச்சமிருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு என்றுகூடச் சொன்னாள்.

திங்கட்கிழமை நல்ல வெயில். ஏழரை மணிக்கு அஃப்ரீன் தன் துணிகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நேற்றைய துணிகள் ராத்திரிக் காற்றில் கொடியிலேயே காய்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே புதிதாகப் போட்ட படுக்கை விரிப்பு. அதன் பின்னால் சாச்சியின் நிழல். முடி அவிழ்ந்திருந்தது. கைகள் இரண்டும் மேலே தூக்கியிருந்தன.

காலடிச் சத்தத்தில் நிழலின் கைகள் சட்டென்று இறங்கின.

"யாரு?"

"நான்தான் சாச்சி."



"இரு" என்றாள் காமாரியா.

அஃப்ரீன் நின்றாள். விரிப்புக்குப் பின்னால் அந்த நிழல் முடியைச் சுருட்டிக் கட்டியது. ஒரு கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டது. பிறகு மறு கை. ஆணியிலிருந்து முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டு, கழுத்தடியில் ஊசி குத்தியது. எதிலும் அவசரம் இல்லை.

"ம். இப்ப வா."